பெயர் சொன்னால் திறக்கும் பெட்டி



தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுக்குகளை நாம் துழாவுவதில்லை. முன்னே நின்று பெயரைச் சொல்கிறோம். கடைக்காரர் எடுத்து வைக்கிறார். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவிக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதைக் கட்டளைப் பெட்டி என்று சொல்வோம்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு யூபியூ விண்ணப்பம் நிரப்பும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பம் ஒரு பக்கம், பாட விவரம் இன்னொரு பக்கம் என்று பதினைந்து பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. மடிக்கணினியோ பழையது, தொடுபலகை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பக்கத்தை மூடும் சிறு பெருக்கல் குறியில் விரல் தவறிப் பட்டால் எழுதியதெல்லாம் போய்விடக்கூடும். பல்லாண்டு பால்மரம் வெட்டிய கைக்கும் சுட்டியைக் குறி பார்த்து நிறுத்துவது சிரமந்தான்.

கட்டளைப் பெட்டி இருந்தால் குறி பார்க்க வேண்டியதில்லை. ஒரு விசையை அழுத்தியதும் பெட்டி திறக்கும். வேண்டியதன் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் பொருந்துபவை வரிசையாக வரும். அம்புக்குறியால் தேர்ந்து ‘என்டர்’ தட்ட வேண்டியதுதான். மொசில்லா நிறுவனம் 2008ஆம் ஆண்டிலேயே ‘யுபிக்விட்டி’ என்ற பெயரில் இத்தகைய சோதனை செய்தது. அது நிலைக்கவில்லை. விவால்டி என்னும் உலாவியில் எஃப் 2 விசை இப்படி ஒரு பெட்டியைத் திறக்கிறது.

பெட்டியை வரைவது எளிது. கஷ்டம் சொல்லில்தான் இருக்கிறது. கடையில் ஒருவர் சீனி என்கிறார், ஒருவர் சர்க்கரை என்கிறார், பக்கத்துக் கம்பத்துக்காரர் கூலா என்கிறார். மூவருக்கும் ஒரே பொருள் கிடைக்கிறது. கணினிக்கு அந்தப் பழக்கம் தானாக வராது. அமைப்பவர் ‘புக்மார்க்’ என்ற ஒரே பெயரை வைத்துவிட்டால், ‘சேமி’ என்றோ ‘சிம்பான்’ என்றோ எழுதுகிறவருக்கு வெறும் பெட்டிதான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் மக்கள் வழங்கும் பல பெயர்களையும் சேர்த்துவைக்க வேண்டும். தமிழ் எழுத்தில் தட்டினாலும் புரிந்துகொள்ள வேண்டும். எழுத்துப் பிழையையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலை எடுத்துக்கொண்டு நாலு வீட்டில் கேட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன். அறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் இந்தச் சொற்கள் கிடைக்கமாட்டா.

அடுத்தது வரிசை. அடிக்கடி போகும் பக்கம் மேலே வரட்டும். ஆனால், ‘எல்லாவற்றையும் மூடு’ போன்ற கட்டளை எத்தனை முறை பயன்பட்டாலும் முதலிடத்துக்கு வரக்கூடாது. அவசரத்தில் தட்டும் ஒரு ‘என்டர்’ போதும், விண்ணப்பம் போய்விடும். எண்ணம் மாறினால் ‘எஸ்கேப்’ விசை ஒன்றுமே நடவாதது போலப் பெட்டியை மூடிவிட வேண்டும். திறக்கும் விசையையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ட்ரோலும் பி-யும் அச்சடிப்பதற்கு, கண்ட்ரோலும் டபிள்யூ-வும் பக்கத்தை மூடுவதற்கு என்று ஏற்கெனவே பழகிப்போயின.

வீட்டுக் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் இன்றே ஒன்றைச் செய்து பார்க்கலாம். கண்ட்ரோலும் எல்-லும் சேர்த்து அழுத்துங்கள். முகவரிக் கட்டத்துக்குப் போவீர்கள். அங்கே % குறியும் ஓர் இடைவெளியும் இட்டு, தேடும் பக்கத்தின் பெயரில் சில எழுத்துகளைத் தட்டுங்கள். திறந்திருக்கும் பக்கங்களில் அந்தப் பெயருடையது மட்டும் கீழே தெரியும்.