குடிநோயிலிருந்து மீள்வோர் கூடும் அவை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் குடியைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று நம்முள் சிலர் கேட்டனர். அவர்கள் தயக்கம் நமக்குப் புரிகிறது. சேரி என்றாலே குடி என்னும் பழிச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடி எல்லாத் தெருவிலும் உண்டு. மாடி வீட்டில் அது சாத்திய கதவுக்குள் நடக்கிறது. நம் தெருவில் திண்ணையில் நடக்கிறது. ஆயினும் பழிக்கு அஞ்சி வாய்மூடி இருந்தால் இழப்பு நமக்கே. மக்காச்சோளக் கொல்லையிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் ஈட்டிய கூலி வீடு வந்து சேராத குடும்பத்தில், முதலில் நின்றுபோவது பெண்பிள்ளையின் படிப்பு. ஆகவே இது கல்விச் சங்கத்தின் வேலையே ஆகும்.

நம் முன்னோர் இதைப் பேசத் தயங்கியதில்லை. 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர் போற்றிய பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மது விலக்கு. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளிலும் குடிக்கமாட்டேன் என்பது ஒன்று. ஆனால் குடி நோயாக முற்றிய ஒருவனுக்கு உறுதிமொழி மட்டும் போதுவதில்லை. காலையில் பிள்ளையின் தலையில் கைவைத்துச் செய்த சத்தியம் மாலையில் கடைவாசலில் கரைவதை எத்தனை முறை கண்டோம்! அவன் கெட்டவன் என்பதன்று காரணம். அவனைப் பிடித்திருப்பது நோய்.

சட்டத்தையும் பார்த்துவிட்டோம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையே டாஸ்மாக் நடத்துகிறது. கடை இருக்கும்போதே கள்ளச்சாராயமும் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை.

இனி, கூட்டத்தின் கதைக்கு வருவோம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் வீழ்ந்த பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் சந்தித்தனர். ஒரு குடிநோயாளியிடம் இன்னொரு குடிநோயாளி மனம்விட்டுப் பேசினால் அன்றைய நாள் குடியாமல் கழிகிறது என்று கண்டுகொண்டனர். அதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1957இல் அது இந்தியாவுக்கு வந்தது. குடியை நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே அங்குத் தகுதி. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. ஒருவர் எழுந்து தம் பெயரை மட்டும் கூறித் தம் கதையைச் சொல்வார். ஏனையோர் குறுக்கிடாமல் கேட்பர். அங்குச் சொன்னது அங்கேயே நிற்கும். ஊர் என்ன, தெரு என்ன, தகப்பன் பெயர் என்ன என்று துருவித் துருவிச் சாதியைக் கண்டுபிடிக்கும் நாட்டில், வெறும் பெயரோடு நாற்காலியில் சமமாக அமர்வது சிறு செய்தியன்று.

கடவுள் பேச்சு வருகிறதே என்று நம் பகுத்தறிவு இளைஞர் கேட்பர். அவரவர் புரிந்துகொண்டவாறான சக்தி என்றே அங்குச் சொல்கிறார்கள். கூட்டத்தையே அச்சக்தியாகக் கொள்வோரும் உண்டு. 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முற்றாகக் குடிநிறுத்தம் என்ற அளவில் இவ்வழி பிற சிகிச்சைகளைவிடச் சற்று மேலான பலன் தருவதாகக் கண்டது. எல்லாருக்கும் பலிக்கும் மருந்து என்று யாரும் எண்ணவேண்டாம்.

ஓர் எச்சரிக்கையைத் தாய்மார்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். வீட்டில் பூட்டி வைத்தும் மந்திரித்துக் கயிறு கட்டியும் நிறுத்தக் கூடாது. பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையிலோ முதலில் மருத்துவரைக் காணவேண்டும். கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்திச் சிகிச்சை தந்திருக்கிறது. சிகிச்சை முடிந்து திரும்புகிறவர் அதே தெருவுக்கும் அதே கூட்டாளிகளுக்கும் நடுவேதான் வருகிறார். கூட்டம் வேண்டியிருப்பது அப்போதுதான்.

எங்கே தேடுவது? 14446 என்னும் கட்டணமில்லா எண்ணில் போதை மீட்பு உதவி கிடைக்கும். சிகிச்சை தரும் மருத்துவரிடமும் கேட்கலாம். திருச்சியில் கூட்டங்கள் உண்டு. அரியலூரார்க்கு ரயில் இருக்கிறது, பெரம்பலூரார்க்குப் பேருந்துதான். ஆனால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய்வருவது எளிதன்று. கைப்பேசி வழியாகவும் இன்று கூட்டங்கள் நடக்கின்றன. தனியிடம் இல்லாத ஓரறை வீட்டில் அதுவும் கடினமே. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி மக்கள் கூட, 1951இல் தோன்றிய அல்-அனான் இருக்கிறது. குடிக்கும் பெண்களும் நம்மிடையே உண்டு. அவர்களையும் மறந்துவிட வேண்டாம்.

குடியை விட விரும்பும் இருவர் மூவர் கூடினாலே அது ஒரு குழு என்பது ஏ.ஏ. வழக்கம். ஆகவே நம் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்க எண்ணுகிறோம். சங்கத்தின் பலகையோ தலைவர் படமோ அக்கூட்டத்திற்கு வேண்டாம். வேறு அமைப்போடு பிணைப்பு கூடாது என்பது அவர்கள் மரபு. நம் நிர்வாகிகளும் உள்ளே அமர்ந்து வருகை குறிக்கலாகாது. உண்டியலில் சேர்வதிலிருந்து சிறு வாடகையை அவர்களே கொடுக்கட்டும். இலவசமாகத் தந்தால் நாளை நாம் அதிகாரம் செய்யத் தொடங்கிவிடுவோம். தெருப்பக்கக் கதவின்றிப் பின்வாசலும் திறந்திருக்கும். திறவுகோலை வைத்துக்கொள்ள, குடியை நிறுத்தி ஓராண்டாவது கடந்த ஒருவர் முன்வரவேண்டும். விழா முடிந்தபின் அவர் தனியே வந்து சொன்னால் போதும்.