குப்பை போகும் திசை, சனங்கள் போகும் திசை

(மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோயில் நுழைவு, இரட்டைக் குவளை, வன்கொடுமை வழக்கு என்றால் நாம் உடனே எழுந்துவிடுகிறோம். எழ வேண்டியதுதான். ஆனால் குப்பை லாரி, சாக்கடைக் குழாய், டெண்டர் என்று பேச்சு வந்தால், ‘அதெல்லாம் கவுன்சிலர் சமாச்சாரம், நமக்கென்ன’ என்று நகர்ந்து போய்விடுகிறோம். கிராமத்தில் சாதியின் எல்லையைக் கண்ணால் பார்க்கலாம். இது ஊர், அது சேரி, நடுவில ஒரு வண்டிப்பாதை. நகரத்தில் அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள்? மாமன்றத் தீர்மானம் போடுகிறது. வாரியத்தின் ஆணை போடுகிறது. ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பு போடுகிறது. அதனால்தான் இன்று சென்னை மாநகராட்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு நகரத்தின் சாதியைத் தெரிந்துகொள்ள இரண்டு கேள்வி போதும் என்பது என் எண்ணம். அதன் குப்பை எங்கே போகுது? அதன் ஏழை சனங்களை எங்கே கொண்டுபோய் விடுறாங்க?

முதலில் குப்பை. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. 2011இல் அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போது 200 வார்டு, 15 மண்டலம் ஆனது. இந்த நகரம் நாளொன்றுக்குச் சுமார் 5000 டன் குப்பையைக் கொட்டுகிறது. பல பத்தாண்டுகளாக அது போய்ச் சேர்ந்த இடம் இரண்டு. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. போயஸ் தோட்டத்துக் குப்பை போயஸ் தோட்டத்தில் தங்குவதில்லை. அடையாறு வீட்டு எச்சில் இலை அடையாறில் நாறுவதில்லை. வடசென்னையின் உழைக்கும் சனங்கள் அந்த மலைக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறார்கள்; அதைக் கிளறிப் பிழைக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். 2025இல் கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் உலை வரப்போகிறது என்றதும் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். குப்பையையும் வாங்கிக்கொண்டு அதன் புகையையும் நாங்களே தின்ன வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே 2022இல் அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தலமானது. ஒரே நிலத்துக்கு ஒரு கையில் பட்டயம், இன்னொரு கையில் குப்பை. பறவைக்குப் பேச ஆள் வந்துவிட்டது, நல்லதுதான். குப்பையை அள்ளுகிற கைக்கு?

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. பிரிக்கிறது யார்? பெரும்பாலும் வாசலில் வந்து நிற்கிற அந்த அக்காதான். தோட்டி என்றார்கள், துப்புரவுத் தொழிலாளி என்றார்கள், இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள். பெயர் இரண்டு முறை மாறியது, சாதி ஒரு முறையும் மாறவில்லை. மலத்தைக் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக்குள் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் முப்பது லட்சம் என்றது. உயிருக்கு நட்ட ஈடு மூன்று மடங்காச்சு. இயந்திரம் இறங்க வேண்டிய குழியில மனுசன் இறங்குறது மட்டும் நின்றபாடில்லை.

இதில் தனியார்மயத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2000இல் மூன்று மண்டலக் குப்பையை ஒரு பன்னாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அப்புறம் கம்பெனி மாறிக்கொண்டே வந்தது. 2025இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் முறை வந்தது. வருசக்கணக்கில் அங்கே வேலை செய்த பணியாளர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்று நாள். வெயில், மழை, நடைபாதைதான் படுக்கை. ஆகஸ்ட் 13 இரவு, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களைத் தூக்கிப்போனது. மறுநாள் அரசு, பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அறிவித்தது. அவர்கள் கேட்டது சோறு இல்லை தோழர்களே, பணி நிரந்தரம்.

பணி நிரந்தரத்தை ஏதோ கூலிப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். மாநகராட்சி நிரந்தர வேலை என்பது சேரிக்குக் கிடைத்த சில ஏணிகளில் ஒன்று. பென்சன் உண்டு, வாரிசு வேலை உண்டு. அம்மா தெருக் கூட்டி மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகள் நமக்குத் தெரியும். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பீர்கள். ஒப்பந்தம் அந்த ஏணியை உருவிக்கொள்கிறது. வேலையில் சாதி அப்படியே இருக்கிறது. சம்பளத்தில் அரசாங்கம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. ஆரம்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். குறையிருந்தாலும் சனங்கள் நகரத்துக்குள்ளே இருந்தார்கள். 2000க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் சுமார் 20,000. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பினார்கள். தீவுத்திடலுக்குப் பின்னால் இருந்த சத்தியவாணி முத்து நகரை 2019 டிசம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கிற காலம். சத்தியவாணி முத்து யார்? நம்மிலிருந்து எழுந்து அமைச்சரான பெண். அவர் பெயரை வைக்கத் தெரிந்த நகரத்துக்கு அவர் சனங்களை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகரை நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தார்கள். ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். ஆக்கிரமிப்பு என்றார்கள். அதே பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் ஊன்றி 1995இல் பறக்கும் ரயில் விட்டார்களே, அதற்கு என்ன பெயர்? வளர்ச்சி. குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு, கான்கிரீட் நின்றால் வளர்ச்சி. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நம் சனங்கள் நசுங்குகிறார்கள்.

பெரும்பாக்கம் போனவர்களுக்கு இழப்பு என்ன? பிழைப்பு 25 கிலோமீட்டர் தள்ளிப்போனது. வீட்டுவேலை செய்த பெண்கள் விடிவதற்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். நான் ஒரு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். கடன் விண்ணப்பத்தில் முகவரி கண்ணகி நகர் என்று இருந்தால் அந்தத் தாள் மேசைக்கு மேசை எப்படி மெதுவாக நகர்கிறது என்று பார்த்திருக்கிறேன். வீடு கொடுத்தாச்சே என்பார்கள். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை; கிரயப் பத்திரம் இல்லை. அதை வைத்து எவன் கடன் கொடுப்பான்? ‘எந்த ஊரு?’ என்று கேட்டுச் சாதியைக் கண்டுபிடித்த காலம் போய், பின்கோடு பார்த்துக் கண்டுபிடிக்கிற காலம் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிராமம் அறியாமையின், குறுகிய மனப்பான்மையின், வகுப்புவாதத்தின் கூடாரம் என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். நம் சனங்கள் நகரத்துக்கு வந்தார்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்த அவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியபோது பெரும்பாக்கம் ஓர் ஊராட்சி. ஒரே ராத்திரியில் அவர்கள் மாநகராட்சி வாக்காளர் என்ற தகுதியையும் இழந்தார்கள். நகரத்தைக் கட்டியவனை நகரமே கிராமத்துக்குத் திருப்பி அனுப்பியது.

சரி, இதையெல்லாம் முடிவு செய்வது யார்? 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகர்மன்றங்களில் மக்கள்தொகைக்கு ஏற்ப நமக்கு இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்கு வெகுமுன்பே, 1937இல் ஜே. சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் என். சிவராஜும் சென்னை மேயராக இருந்தார்கள். 2022இல் ஒரு தலித் பெண் மேயரானார். பெருமைப்படலாம். ஆனால் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம். மறுகுடியமர்வு வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். நில வரைபடம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். கோப்பு ஆணையரிடம். நமக்கு நாற்காலி கொடுத்த இடத்தில் அதிகாரம் குறைவு; அதிகாரம் இருக்கிற இடத்தில் தேர்தலே இல்லை. ஆகவே, யார் மேயர் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்று கேட்கப் பழகுவோம்.

மாணவத் தோழர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். ஒன்று, மாமன்றக் கூட்டப் பொருளையும் பட்ஜெட்டையும் வாங்கிப் படியுங்கள். கொடுக்காவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் வார்டில் சேரிக்கு எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு, 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் தொடங்கியது. கூட்டம் போட்டால் போங்கள். போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று கேளுங்கள். பேசியதைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். எழுதாத பேச்சு அவர்களுக்குப் பேச்சே இல்லை. மூன்று, உங்கள் தெருவைக் கூட்டுகிற அக்காவிடம் பேசுங்கள். கையுறை கொடுத்தார்களா, சம்பளச் சீட்டு உண்டா, பி.எஃப். பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டைச் சங்கத்துக்குக் கொடுங்கள்.

விடுதலை என்கிற பெரிய சொல்லை நாம் வைத்திருக்கிறோம். அதைத் தெருவிளக்குக் கம்பத்திலும் சாக்கடை மூடியிலும் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். நகரம் யாருடையது என்பது டெண்டர் தாளில் தீர்மானமாகிறது. அந்தத் தாளை நாம் படித்துவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

ஜெய்பீம்.