இரு குலத்து நாயகி

கற்பனைக் குலங்கள் பலவற்றைப் படைத்து, அவற்றினிடையே ஒரு கதையை நடத்திச் செல்ல விரும்பும் எழுத்தாளனுக்கு ஓர் எளிய வழி எப்போதும் கண்முன் தோன்றும். இரு குலங்களின் இரத்தமும் ஒருத்தியின் உடலில் ஓடுமாறு செய்து, இரு குலங்களின் ஆற்றலையும் அவளுக்கே வழங்கி, அவளைக் கதாநாயகியாக்கிவிடலாம் என்பதே அவ்வழி. வழி எளிதுதான். ஆயினும் அதிற் செல்பவர் விரைவில் ஓரிடத்தில் நின்றுவிடுவர். எல்லாம் வல்லவளுக்கு எது தடை? தடையில்லாத இடத்திற் கதை ஏது?

இந்த இடர்ப்பாட்டைக் கடந்த எழுத்தாளர்களுள் ஒருவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1892ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலுள்ள புளூம்பொன்ரீன் நகரிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியராக விளங்கியவர் அவர். 1937இல் வெளிவந்த ‘ஹொபிற்’ என்னும் நூலும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதையும் அவருடைய பெயரை உலகெங்கும் பரப்பின. ஆனால் அவ்விரண்டுக்கும் முன்னரே அவர் உள்ளத்தில் வேரூன்றிய கதை ஒன்று உண்டு. லூத்தியென் என்னும் பெண்ணின் கதை அது.

டோல்கீன் படைத்த உலகில் எல்வர் என்றொரு குலத்தார் வாழ்கின்றனர். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் சின்னஞ்சிறு வனதேவதைகள் அல்லர் அவர்கள். மானிடரைப் போன்ற உருவமும், மானிடரை விஞ்சிய அழகும், இசையும், கைவினையும் உடையவர்கள். அவர்களுக்கு மூப்பில்லை; நோயில்லை. போரில் மடிந்தாலும் அவர்களுடைய உயிர் இவ்வுலகை விட்டு நீங்குவதில்லை. இறந்தோரின் நீதிபதியாகிய மாண்டோஸ் என்னும் தெய்வத்தின் மண்டபத்திலே அது தங்கியிருக்கும். மானிடர் நிலை வேறு. சில காலம் வாழ்ந்து, முதுமையுற்று, இறந்து, இவ்வுலகை அடியோடு விட்டு அகல்பவர்கள் அவர்கள். அகன்றபின் அவர்கள் சேரும் இடம் எதுவென்று எல்வரும் அறியார். இவ்விரு குலங்களுக்கும் மேலாக, உலகம் தோன்றுமுன்னரே இருந்த தெய்வ கணத்தார் உளர்.

லூத்தியெனின் தந்தை எல்வர் அரசன் திங்கோல். தாய் தெய்வ கணத்தைச் சேர்ந்த மெலியான். இவ்வாறு பிறப்பினாலேயே அவள் இரு குலத்தவள். பெரென் என்பான் அவளைக் காட்டிலே கண்டு காதல் கொள்கிறான். அரசனோ தன் மகளுக்கு ஈடாக, நடக்க முடியாத ஒன்றைக் கேட்கிறான். இருளின் அதிபதியாகிய மோர்கொத்தின் இரும்பு முடியிற் பதிந்துள்ள சில்மரில் மணிகள் மூன்றனுள் ஒன்றைக் கொண்டு வரவேண்டும் என்பதே அவனுடைய நிபந்தனை.

இக்கதையின் முதல் வடிவம் 1917ஆம் ஆண்டில் எழுதப்பெற்றது. முன்பு பென்சிலால் எழுதியதை அழித்து, அதன்மேல் மையால் எழுதிய கைப்பிரதியாகவே அது எஞ்சியுள்ளது. அதை இன்று நோக்குவார்க்கு வியப்பளிக்கும் செய்திகள் பல. லூத்தியெனுக்கு அதில் வழங்கும் பெயர் தினூவியெல். அப்போதே அவள் இரு குலத்தவள். அப்போதே அவளுடைய மாயமும் நிறைவாக இருந்தது. மரத்தின்மீது கட்டிய வீட்டிலே தந்தை அவளைச் சிறை வைக்க, அவள் தன் கூந்தலை மந்திரத்தால் நீள வளர்த்து, அதனைக் கொண்டு உறக்கம் தரும் போர்வையும் கயிறும் நெய்து தப்புகிறாள். மோர்கொத்தின் கோட்டைக்குட் புகுந்து, ஆடியும் பாடியும் அவனை உறங்க வைக்கிறாள். இவையெல்லாம் முதல் வடிவிலேயே உள்ளவை. எனவே நாயகியின் ஆற்றலைப் பொறுத்தவரை, பின்னர் எதனையும் பெரிதாகக் கூட்டவேண்டிய தேவை டோல்கீனுக்கு இருக்கவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. எஞ்சியுள்ள அந்த முதல் வடிவிலே பெரென் மானிடன் அல்லன். அவனும் எல்வருள் ஒருவனே. ஆனால் வேறு கிளையைச் சேர்ந்தவன். மோர்கொத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்த கிளை அது என்பதால், அவனை அரசன் ஐயுற்றான். காதலுக்கு நேர்ந்த தடை அவ்வளவே. ஐயம் என்பது நன்மையைக் கண்டால் நீங்கிவிடும். அரும்பெருஞ் செயல் ஒன்றைச் செய்து முடித்தவனை எந்த அரசன் வெறுப்பான்?

பகைவன் நிலையும் அத்தகையதே. முதல் வடிவிலே பெரெனைச் சிறைப்படுத்துபவன் தெவில்டோ என்னும் பூனைகளின் அரசன். பெரென் அவனுடைய அடுக்களையிலே ஏவல் செய்கிறான். ஹூவான் என்னும் பெருநாயின் துணையோடு தினூவியெல் அவனை மீட்கிறாள். நாய்க்கும் பூனைக்கும் பகை வந்த காரணத்தைக் குழந்தைகளுக்குச் சொல்வது போன்ற சுவை அப்பகுதியில் மிகுதி. படிக்க இனிது. ஆயினும் மரணத்தின் நிழல் படியவேண்டிய கதைக்கு அந்தச் சுவை போதாது.

1925இல் டோல்கீன் இதே கதையைச் செய்யுளாக எழுதத் தொடங்கினார். நாலாயிரம் அடிகளுக்கு மேல் வளர்ந்த அந்த நெடும்பாட்டு 1931 அளவில் முற்றுப்பெறாமலே நின்றது. 1929இல் அவருடைய நண்பர் சி. எஸ். லூயிஸ் அதனைப் படித்தார். படித்தவர், அது ஏதோ பழங்காலத்து ஏட்டுச்சுவடி என்பது போலவும், கற்பனைப் பண்டிதர்கள் சிலர் அதற்குப் பாடபேதங்கள் கண்டவர்கள் போலவும் வேடிக்கையாகக் குறிப்பெழுதித் தம் திருத்தங்களைத் தெரிவித்தார். அவற்றுட் சிலவற்றை டோல்கீன் ஏற்றுக்கொண்டார்.

இந்தச் செய்யுள் வடிவிலே பூனையரசன் மறைந்தான். அவனிருந்த இடத்தில் ஓநாய்களை ஏவும் மாயக்காரன் ஒருவன் தோன்றினான். பிற்காலத்தில் சௌரோன் என்று பெயர் பெறுபவன் அவனே. அடுக்களை போய் நிலவறை வந்தது. அந்நிலவறையிலே பெரெனைக் காக்கும் பொருட்டு எல்வர் அரசனாகிய பெலகுண்ட் வெறுங்கையால் ஓநாயொன்றைக் கொன்று தானும் மடிகிறான். முன்னொரு நாள் பெரெனின் தந்தை அவனுடைய உயிரைக் காத்தான். அதற்காகச் செய்த சத்தியத்தை அவன் இவ்வாறு நிறைவேற்றினான்.

இவற்றினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. சில தயக்கங்களுக்குப் பின், பெரென் மானிடனாக நிலைபெற்றான். ஒரு பாத்திரத்தின் குலத்தை மாற்றுவது சிறு திருத்தம் போலவே தோன்றும். ஆனால் அந்த ஒன்றினாற் கதை முழுவதற்கும் புதிய அடித்தளம் கிடைத்தது. இப்போது காதலர்க்கு நடுவே நிற்பது தந்தையின் ஐயம் அன்று, சாவு. பெரென் சில்மரில் மணியைக் கவர்ந்தாலும், அரசனின் மனம் நெகிழ்ந்தாலும், அவன் ஒருநாள் மூப்படைந்து இறப்பான், அவள் இறவாதிருப்பாள். எந்த வீரமும் எந்த மந்திரமும் அந்தத் தடையை நீக்கமாட்டா.

கதையின் முடிவிலே இதன் பயன் முழுமையாக விளங்குகிறது. மணியைப் பற்றிய பெரெனின் கையைக் கார்க்கரொத் என்னும் ஓநாய் கடித்து விழுங்குகிறது. பின்னர் அவ்வோநாயின் வேட்டையிலேயே அவன் உயிர் துறக்கிறான். துயரம் தாங்காமல் லூத்தியெனும் மாய்கிறாள். மாண்டோஸின் முன்னே அவள் நின்று, எல்வரின் துயரையும் மானிடரின் துயரையும் ஒன்றாகப் பின்னிப் பாடுகிறாள். எவர்க்கும் இரங்காத அத்தெய்வம் அன்று இரங்கிற்று. முதல் வடிவிலும் இவ்விரக்கம் உண்டு. ஆயினும் அங்கே, மீண்டும் உலகுக்குச் செல்லும் இருவரும் இனி மானிடரைப் போல இறப்பர் என்பது மேலிருந்து விதிக்கப்பட்டதொரு நிபந்தனையாகவே அமைந்தது. பிந்திய வடிவிலோ அது லூத்தியெனின் தெரிவாயிற்று. துன்பம் யாவும் மறந்து, தெய்வங்களின் நாட்டிலே உலக முடிவுவரை அவள் வாழலாம். ஆனால் பெரென் அங்கே வரமாட்டான். அல்லது பெரெனோடு மண்ணுலகுக்குத் திரும்பி, சில காலம் வாழ்ந்து, அவனைப் போலவே இறக்கலாம். அவள் இரண்டாவதைத் தெரிந்தாள்.

தெரிந்ததன் விலையைத் தாயினிடத்தே காண்கிறோம். மகள் திரும்பி வந்தபோது, மெலியான் அவளுடைய கண்களை நோக்கி நடந்ததை உணர்ந்துகொள்கிறாள். போரில் மகளை இழந்த எல்வர்குலத் தாய்க்கு, என்றோ ஒருநாள் மாண்டோஸின் மண்டபத்துக்கு அப்பால் அவளைக் காணலாம் என்ற நம்பிக்கையேனும் உண்டு. மெலியானுக்கு அதுவும் இல்லை. இரு குலங்களைச் சேர்ந்தவள் என்ற நிலை இங்கேதான் முழுப்பொருள் பெறுகிறது. இரு குலத்தின் வரங்களையும் சேர்த்து வைத்திருப்பதனால் அன்று. ஒன்றைப் பெற மற்றொன்றை என்றென்றைக்கும் இழக்கவேண்டியிருப்பதனால்.

இக்கருத்து ஒரு தலைமுறையோடு முடியவில்லை. லூத்தியெனின் வழியிற் பிறந்த இரட்டையருக்கும் அதே தெரிவு கொடுக்கப்பட்டது. எல்ரொண்ட் எல்வர் வாழ்வைத் தெரிந்தான். எல்ரொஸ் மானிடர் வாழ்வைத் தெரிந்து ஓர் அரசகுலத்துக்கு முதல்வனானான். ‘மோதிரங்களின் தலைவன்’ கதையில் வரும் ஆர்வென் எல்ரொண்டின் மகள். அவளை மணக்கும் அரகோர்ன் எல்ரொஸின் வழித்தோன்றல். இந்த அரகோர்னும் முதலில் வேறு உருவிலேயே தோன்றியவன். முதற் கைப்பிரதியில் அவன் மரச் செருப்பணிந்து திரியும் ஹொபிற் ஒருவன்! ஆர்வெனோ, கதை பெரும்பாலும் எழுதப்பட்ட பின்னரே அதனுட் புகுந்தாள். அரகோர்ன் மானிட அரசனாக நிலைபெற்ற பின்னரே லூத்தியெனின் தெரிவு இன்னொரு முறை நிகழ இடமுண்டாயிற்று.

இக்கதைக்கு ஆசிரியரின் வாழ்விலும் வேர் உண்டு. தாய் தந்தையரை இழந்த டோல்கீன், தம்மைப் போலவே பெற்றோரில்லாத எடித் பிராட் என்பாரை 1908இல் பேர்மிங்ஹாமில் ஒரு விடுதியிற் சந்தித்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு, எடித்துக்குப் பத்தொன்பது. இருபத்தொரு வயது நிரம்பும்வரை தொடர்பு கூடாதெனக் காப்பாளராகிய கத்தோலிக்க குரு தடுத்தார். டோல்கீன் காத்திருந்தார். 1916 மார்ச்சில் திருமணம் நடந்தது. சில மாதங்களில் அவர் பிரான்சிலே சொம் போர்க்களத்தில் நின்றார். அவருடைய நெருங்கிய பள்ளித்தோழர் இருவர் அவ்வாண்டிலே மாண்டனர். காய்ச்சலோடு நாடு திரும்பிய அவர், 1917இல் யோர்க்ஷயரிலுள்ள ரூஸ் என்னும் சிற்றூரின் அருகே இருந்தார். அங்கே வெண்பூக்கள் நிறைந்த ஒரு சோலையில் எடித் அவருக்காக ஆடினார். அந்த ஆட்டமே காட்டில் ஆடும் லூத்தியெனாயிற்று.

எடித் 1971இல் மறைந்தார்; டோல்கீன் 1973இல். ஒக்ஸ்போட்டின் வடபாலுள்ள வூல்வர்கோட் மயானத்தில் இருவரும் ஒரே கல்லின்கீழ்த் துயில்கின்றனர். எடித்தின் பெயருக்குக் கீழே ‘லூத்தியென்’ என்றும், டோல்கீனின் பெயருக்குக் கீழே ‘பெரென்’ என்றும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் வாழ்நாளில் அச்சேறாத கதையை, மகன் கிறிஸ்தோபர் 1977இல் ‘சில்மரிலியன்’ நூலிற் சேர்த்து வெளியிட்டார். அதன் பல வடிவங்களையும் ஒருங்கே தொகுத்த நூல் 2017இல், முதல் வடிவம் எழுதப்பட்டு நூறாண்டுகள் நிறைந்தபோது வெளிவந்தது. அப்போது கிறிஸ்தோபருக்கு வயது தொண்ணூற்றிரண்டு.

அந்நூலை வரிசையாகப் படிப்பவர், பூனையரசன் ஓநாய்களின் தலைவனாவதையும், எல்வருள் ஒருவன் மானிடனாவதையும், விதி தெரிவாவதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம். மாயக் குலங்களைப் படைத்துக் கதை எழுதப் புகும் இளைஞர்க்கு அதனினும் சிறந்த பாடநூல் அரிது. தம் நாயகி எவ்வெவற்றைச் செய்ய வல்லவள் என்று பட்டியலிடுமுன், அவள் எதனை இழக்கவேண்டிவரும் என்பதை அவர்கள் முதலில் வினவிக்கொள்வார்களாக.