கல்விக் கடன்: கல்லூரியில் சேருமுன் கேட்க வேண்டியவை

கலந்தாய்வு முடிந்து பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அடுத்து வீட்டில் எழும் கேள்வி, பணத்துக்கு எங்கே போவது? நகையை வைக்கலாமா, வெளியில் வட்டிக்கு வாங்கலாமா என்று பேச்சு தொடங்கும். அந்த முடிவுக்குப் போகுமுன் கல்விக் கடனைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

அரசுக் கல்விக் கடன் என்று சொன்னாலும் பணம் தருவது வங்கிதான். அரசு பின்னால் நின்று இரண்டு காரியம் செய்கிறது. ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கடனில் பெரும்பகுதிக்கு வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. அந்த உத்தரவாதத்தின் கீழ் வரும் கடனுக்கு வங்கி நிலப்பத்திரம் கேட்கக் கூடாது, வெளியாள் ஜாமீனும் கேட்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ மாணவருடன் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். நான்கு லட்சம் வரை நாம் கைப்பணம் போட வேண்டியதும் இல்லை.

இரண்டாவது, வட்டி மானியம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றதும், வட்டியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் நான்கு லட்சம் 5,40,000 ஆகியிருக்கும்.

இந்த 1,40,000 ரூபாயை முழுவதுமாக மத்திய அரசே கட்டும் திட்டம் 2009ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருவாய்த்துறை தரும் வருமானச் சான்று வேண்டும். மானியம் தானாக வந்து சேராது. கடன் வாங்கும்போதே, "சார், வட்டி மானியத்துக்கும் பதிவு செய்யுங்கள்" என்று மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மானியமும் போய்விடும்.

இன்னொரு நிபந்தனை உண்டு. தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான் இந்த மானியம். பொறியியல் போன்ற படிப்பென்றால் கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால், கடன் கிடைக்கலாம்; மானியம் கிடைக்காது. ஆகவே பஸ் வசதி, விடுதி, வேலைவாய்ப்பு எல்லாம் விசாரிக்கும் அதே நாளில் இதையும் விசாரியுங்கள். பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் ஏழைப் பிள்ளைகளை இந்த விதி வெளியே நிறுத்துகிறது. அது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

அவர்களில் சிலருக்குக் கதவு திறப்பது, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம். தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களுக்கான திட்டம் இது; தொடங்கியபோது பட்டியலில் 860 நிறுவனங்கள். அவற்றில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து வேறு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும்வரை மூன்று சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான். விண்ணப்பம் இத்திட்டத்தின் இணையதளத்தில். கணினி கைவராதவர்கள் இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம்.

வங்கியில் "இந்தக் கிளையில் முடியாது" என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், மனம் உடைந்து வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும்; கிளை மேலாளர் தனியாக முடிவெடுக்க முடியாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

படித்து முடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை கிடைக்கவில்லை, கிடைத்த சம்பளம் போதவில்லை என்றால் வங்கியின் போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்திலேயே இடமுண்டு. கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூட அப்படிக் கேட்கலாம். தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். அம்மா அப்பாவையும் உடன் அழைத்துப் போங்கள், அவர்களும் அந்தக் கடனில் கையெழுத்திட்டவர்கள்.