ஏரிகளினூடே ஒரு பழம்பாதை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நாங்கள் ஆறு நண்பர்கள் நடையும் படகுமாக நான்கு நாட்கள் சென்று வந்த வழியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அங்கே அதனை 'இயேசு சபையார் வழி' என்கிறார்கள். பசிபிக் கடலிலுள்ள சிலோயே தீவிலிருந்து வந்த குருமார்கள், ஆண்டீஸ் மலைகளைக் கடந்து, இன்று அர்ஜென்டீனாவைச் சேர்ந்த நாவெல் உவாப்பி ஏரியை அடைந்த வழி அது.

கடல் நிலத்துக்குள் நீண்டு புகும் ரலூன் என்னும் ஊரில் எங்கள் நடை தொடங்கியது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அப்பள்ளத்தாக்கிலேயே மாடு வளர்க்கும் குடும்பத்தினர். மழைக்காட்டின் ஈரத்தில், ஒரு மனிதனை மறைக்கத்தக்க அகன்ற இலைகளுக்கிடையே ஏறினோம். அது ஜனவரி மாதம்; அங்கே கோடை. தபானோ என்னும் பெரிய ஈக்கள் மொய்த்தன. கருநிற உடையை அவை நாடும் என்று வழிகாட்டி முன்பே எச்சரித்திருந்தார். கேளாத எங்களுள் இருவர் அதன் பயனை நன்றாகவே அனுபவித்தனர்!

மலைமுகட்டைத் தாண்டிக் கயுத்துவே என்ற சிற்றேரியின் கரையில் இரவு தங்கினோம். மறுநாள் தோதோஸ் லோஸ் சாந்தோஸ் என்ற பேரேரி மரகதப் பச்சையாய் விரிந்தது. அதன் மேற்கே ஒசோர்னோ எரிமலை, 2,652 மீட்டர் உயரத்தில், கூம்பாகக் குவித்த வெண்சோறு போல் நின்றது. அதன் அமைதியை நம்பிவிட முடியாது. 1835இல் அது நெருப்புக் கக்கியதைச் சிலோயேயிலிருந்து டார்வின் கண்டார். அண்மையிலுள்ள கல்புக்கோ எரிமலை 2015இல் வெடித்தது. முன்னொரு காலத்தில் ஒன்றாயிருந்த நீர்ப்பரப்பை ஒசோர்னோவின் எரிகுழம்பே இரண்டு ஏரிகளாகப் பிரித்தது என்பர்.

இவ்வேரியைக் குருமார்கள் 'தல்கா' என்னும் படகிலே கடந்தனர். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. நம் சோழமண்டலக் கரையிலும் தைத்த படகுகள் இருந்தன அல்லவா? தல்காவைப் பிரித்துத் தோளில் சுமந்து, அடுத்த ஏரியில் மீண்டும் தைத்து மிதக்கவிட்டனர். அக்கலை தீவின் பழங்குடிகளுடையது. குருமார்கள் கொண்டு வந்ததன்று.

வழியும் அவ்வாறே. 1666இல் ஸ்பானியர், மலைக்கப்பால் வாழ்ந்த போயா மக்களைச் சிறைபிடித்துச் சிலோயேக்குக் கொண்டு வந்தனர். அங்கிருந்த இத்தாலியக் குருவான நிக்கோலஸ் மஸ்கார்தி அவர்களிடமே அவர்கள் மொழியைக் கற்றார்; அவர்கள் விடுதலைக்காக வாதாடினார்; 1670இல் அவர்களோடு மலை கடந்து சென்று பணித்தலம் அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் தெற்கே சென்ற பயணமொன்றில் கொல்லப்பட்டார். 1703ஐ ஒட்டிப் பணித்தலம் மீண்டும் எழுந்தது. 1717இல் எரிந்து அழிந்தது.

ஏன் அழிந்தது? ஏரிகளைத் தவிர்த்துச் செல்லும் வுரிலோச்சே என்ற எளிய கணவாய் ஒன்று இருந்தது. அடிமை பிடிக்க வந்த படைகள் அதனை முன்பு பயன்படுத்தியிருந்தன. ஆகவே அம்மக்கள் அதனை மறைத்து வைத்தனர். குருமார்கள் அதனைத் தேடிக் கண்டதும், குருவின் பின்னே வாளும் வருமென்று அஞ்சினர். அவ்வச்சமே பணித்தலத்தின் அழிவுக்குக் காரணம் என்பர். உயிரிழந்த குருமார்களுக்காக நாம் வருந்துகிறோம். அவ்வச்சம் வீண் அச்சம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

"இந்தப் பாதையை வெட்டியவர் யார்?" என்று வழிகாட்டியைக் கேட்டோம். "யாரும் வெட்டவில்லை ஐயா, நடந்து நடந்து ஆனது. எழுதத் தெரிந்தவர்கள் பிறகு வந்தார்கள்" என்றார். அன்று மாலை முழுவதும் எங்களுள் எவரும் அதிகம் பேசவில்லை.

நாவெல் உவாப்பியில் பணித்தலம் எரிந்த நாட்களில், அதே சபையைச் சேர்ந்த மற்றோர் இத்தாலியர் நம் நாட்டில் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அவரே வீரமாமுனிவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்று நம் மரபு நினைவில் வைத்திருக்கிறது. மஸ்கார்திக்கு மொழி தந்த போயா மக்களுக்கோ அந்தப் பேறு அரிதாகவே வாய்த்தது. மஸ்கார்தி பெயரில் அங்கே ஓர் ஏரியே இருக்கிறது!

அன்பர்களே, நாமும் வழி கேட்டு வந்தவர்களே. இந்தக் கொல்கத்தா நகருக்கு நம் பெரியோர்கள் ஒரு தகரப்பெட்டியோடு வந்திறங்கியபோது, வாடகைக்கு வீடு தந்தவர் யார்? சந்தையில் விலை கேட்க வங்கமொழி சொல்லித் தந்த அண்டை வீட்டு அம்மையார் யார்? நம் மலர்களில் தலைவர்கள், செயலாளர்கள் பெயர்கள் உள்ளன. அவை இருக்க வேண்டியவையே. அவர்கள் பெயர்கள் ஓரிடத்திலும் இல்லை. மூத்தோர் சிலரே இன்று அவற்றை அறிவர்.

அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கங்களை அப்பெயர்களுக்கு ஒதுக்க வேண்டுமென்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். இன்றிரவு விருந்தின்போதே மூத்தோர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதத் தொடங்குவோம். தாளும் எழுதுகோலும் கொண்டு வந்திருக்கிறோம்.