வயிற்றில் பிள்ளை, வாயில் புகையிலை
(எமது சங்கத்தின் பெண்கள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



நான் டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே லண்டனில் சாண்ட்விச் பக்ரறியில் வேலை செய்கிறவள். இந்த விசயத்தை எங்கட மேடையில் ஒருவரும் பேசக் காணவில்லை. அதனால்தான் எழும்பி நிற்கிறேன்.

பிள்ளைத்தாய்ச்சி சிகரெட் பிடிக்கக் கூடாது என்றால் எங்கட சனம் நல்லாய்த் தலையாட்டும். அது வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சொன்னது என்று நினைப்பு. எங்களிடம் இருப்பது வெற்றிலையும் புகையிலையும். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர் வரை போனது. அந்தக் காசில் கல்வீடு கட்டிய சனம் நாங்கள். அதைக் கெடுதி என்று சொல்ல நாக்குக் கூசும்தான்.

இங்கே மிட்வைஃப் முதல் சந்திப்பிலேயே "சிகரெட் பிடிப்பீர்களா?" என்று கேட்டு, ஒரு கருவியில் ஊதச் சொல்லுவா. அது புகையில் உள்ள காபனோரொட்சைட்டைத்தான் காட்டும். சப்புகிற புகையிலையைக் காட்டாது. எங்கட பிள்ளை "நோ" என்று சொல்லும். பொய்யும் இல்லை. ஆனால் சப்பினாலும் புகைத்தாலும் நிக்கொட்டின் ஒன்றுதான், அது தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய்ச் சேரும். மும்பையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. புகையிலை சப்பிய தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் நிறை குறைந்து பிறந்தன. குறைமாதப் பேறும் கூட. "நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்பவர்களுக்கும் ஒன்று: பாக்கும் புற்றுநோய் தரும் பொருள்தான்.

சரி, இது தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? "பெத்த பிள்ளையை விட வெத்திலை பெரிசோ?" என்று கேட்பினம். கேள்வியே பிழை. எங்கட பக்ரறியில் ஒரு தங்கச்சி, அப்போது ஐந்து மாதம். புருசனுக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. தாய் ஊரில். ஓங்காளிக்கும்போது ஒரு துண்டு புகையிலை வைத்தால் அடங்குமாம். "அது அம்மாவின்ர வாய் மணம் அக்கா" என்று ஒருநாள் சொன்னாள். அவள் விட வேண்டியிருந்தது நிக்கொட்டினை மட்டுமா?

மாமியார் கண்டு ஏசினா. விட்டாளா? இல்லை. கழிவறைக்குள் போய்ச் சப்பினாள். ஏச்சு வாங்கினால் வெட்கம், வெட்கத்தால் பதற்றம், பதற்றத்துக்கு மருந்து திரும்பவும் அதே புகையிலை. ஒளிக்கத் தொடங்கிய பெண் உதவி கேட்கவும் மாட்டாள். அதோடு இன்னொரு பயம்: மிட்வைஃபிடம் சொன்னால் சோசல்காரர் பிள்ளையைப் பறித்துப் போவினம் என்று. புகையிலை சப்பியதற்காக ஒருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கேளாத கேள்விக்கும் நீங்களாகப் பதில் சொல்லுங்கள்.

கிளாஸ்கோவில் 612 கர்ப்பிணிகளிடம் செய்த பரிசோதனை 2015இல் வெளியானது. ஒரு பாதிக்கு வழமையான உதவி. மற்றப் பாதிக்கு அதோடு, சிகரெட்டை விட்டால் 400 பவுண் வரை கடை வவுச்சர். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 8.6 பேர் விட்டார்கள், வவுச்சர் கூட்டத்தில் 22.5 பேர். சங்கத்திடம் வவுச்சர் இல்லை, தலைவர் பயப்பட வேண்டாம். ஆனால் "இந்தக் கிழமை விட்டிட்டியே, கெட்டிக்காரி" என்று சொல்லக் காசு தேவையில்லையே.

அந்தத் தங்கச்சிக்கு உதவியது லைனில் நிற்கிற ஒரு வயதான அக்கா. சாப்பிட்டவுடன்தான் ஆசை வரும் என்று கண்டு, அந்த நேரம் கூடவே நடப்பா, கையில் ஏலக்காய் கொடுப்பா. ஏழாம் மாதம் விட்டாள். பிள்ளை பிறந்து நித்திரையில்லாத இரவுகளில் ஆசை திரும்பி வந்தது. பலருக்கு அப்படித்தான், பிள்ளைக்காக விட்டது பிறந்தவுடன் முடிந்த கணக்காகிவிடும். அப்போதும் ஆள் பக்கத்தில் வேண்டும்.

ஆம்பிளையளுக்கும் ஒன்று. நீங்கள் பல்கனியில் நின்று ஊதிக்கொண்டு அவளை விடச் சொல்லாதேங்கோ. வீட்டில் ஒருவர் பிடித்தால் மற்றவர் விடுவது கடினம்.

மதுவைப் பற்றி ஒரு சொல்: நாளாந்தம் குடிக்கிற கர்ப்பிணி யாராவது இருந்தால் தானாகச் சடாரென்று நிறுத்தக் கூடாது, ஆபத்து. டொக்டரிடம் போக வேண்டும். இங்கே கர்ப்ப காலத்திலும் பிறந்து 12 மாதம் வரையும் மருந்துச்சீட்டு இலவசம்.

தேத்தண்ணி நேரம் நான் பின் மேசையில் இருப்பேன். கேட்க வெட்கமானால் "எனக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு" என்று தொடங்குங்கோ, பெயர் கேட்க மாட்டேன்.