வன்னியில் வீடமைப்பு உத்தியோகத்தரின் கடமை



வீடமைப்பு உத்தியோகத்தரின் சேவையை எதைக்கொண்டு அளப்போம்? பதவி உயர்வைக் கொண்டா? அன்று! 2009இல் போர் ஓய்ந்தபின் வன்னிக்கு மீண்ட எம்மக்கள் கண்டவை இடிந்த சுவர்களே. 2012 ஒக்டோபர் 2இல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பிரதான கட்டம் தொடங்கிற்று. குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது, வீட்டுக்காரரே கட்டவேண்டியிருந்தது. நிறைவேற்றிய நிறுவனங்களுள் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் ஒன்று.

அத்திவாரமிட்டு, சுவரெழுப்பிப் பணி முன்னேறினாலன்றி அடுத்த தவணைப்பணம் வாராது. ஆகவே, பார்வையிட்டு உறுதிப்படுத்தும் உத்தியோகத்தரின் கையொப்பமே ஏழையின் கூரை. அக்கையொப்பம் ஒரு மாதம் பிந்தினால் கார்த்திகை மழையில் நனைவது கோப்பன்று, குழந்தை!

மாரிக்கு முன் எத்தனை கூரைகள் ஏறின? அந்தக் கணக்கே அவர் சேவையின் அளவுகோல். அதைக் கேட்பது நம் உரிமை. கேளாதிருப்பது நம் குற்றம்.